வைட்டமின் டி குறைவும் மூத்த பெண்களின் எலும்பு முறிவும்: ஆண்டுக்கு ஓர் ஊசி போதுமா?

காவிரிக்கரை (திருவாரூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மாமியாருக்கு வயது 72. சென்ற மாதம் கொல்லைப்புற வாசற்படியில் கால் இடறிக் கையை ஊன்றி விழுந்ததில் அவருடைய வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11 நானோகிராம் என்றும், பி12 160 பிக்கோகிராம் என்றும் வந்திருக்கிறது. கால்சியம் மட்டும் இயல்பான அளவில் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள்.

அவர் சைவ உணவு மட்டுமே உண்பவர். சர்க்கரை நோய்க்கு நெடுங்காலமாக மெட்ஃபார்மின், தைராய்டு குறைவுக்குத் தைராக்ஸின், நெஞ்செரிச்சலுக்குப் பான்டோபிரசோல் ஆகியவற்றை நாள்தோறும் எடுத்துக்கொள்கிறார். நாற்பது வயதிலேயே கருப்பையோடு சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள்.

எங்கள் ஊர் மருத்துவர் 6,00,000 யூனிட் வைட்டமின் டி ஊசி ஒன்றைப் போட்டு, ஆண்டுக்கு ஒருமுறை இதைப் போட்டுக்கொண்டால் போதும் என்று கூறிக் கால்சியம் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். மாமியாரின் அக்கா இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகி, ஓராண்டுக்குள் இறந்துபோனார். அந்த அச்சம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருக்கிறது. வைட்டமின் குறைந்ததால்தான் எலும்பு முறிந்ததா, இந்த ஊசி அடுத்த முறிவைத் தடுக்குமா, வேறு ஏதேனும் செய்ய வேண்டுமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


எலும்பியல் மருத்துவர் (கோவை) எழுதியது:

சகோதரி, உங்கள் கேள்வியில் இரண்டு நோய்கள் கலந்திருக்கின்றன. ஒன்று வைட்டமின் குறைபாடு. மற்றொன்று எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை எனப்படும் ஆஸ்டியோபோரோசிஸ். முதலாவதைச் சரிசெய்யாமல் இரண்டாவதற்கு மருந்து கொடுக்கக் கூடாது. ஆனால் முதலாவதைச் சரிசெய்துவிட்டதாலேயே இரண்டாவது நீங்கிவிடுவதில்லை. நம் ஊர்களில் பெரும்பாலும் வைட்டமின் ஊசியோடும் கால்சியம் மாத்திரையோடும் வைத்தியம் நின்றுவிடுகிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

வைட்டமின் டி குறைந்தால் குடல் உணவிலிருந்து போதிய கால்சியத்தை உறிஞ்சாது. ஆனால் இதயமும் நரம்புகளும் தசைகளும் இயங்க இரத்தத்தில் கால்சியம் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். ஆகவே கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் தங்கள் ஹார்மோனை மிகுதியாகச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்தில் சேர்க்கின்றன. பரிசோதனைத் தாளில் கால்சியம் இயல்பு என்று இருப்பதன் பொருள் எலும்பில் குறையில்லை என்பதன்று. அந்த இயல்பைக் காக்க எலும்பே கரைந்துகொண்டிருக்கலாம். குறைபாடு மிகக் கடுமையாகவும் நீண்டகாலமாகவும் இருந்தால், புதிதாக உருவாகும் எலும்பில் தாதுக்கள் படியாமல் எலும்பு மென்மையாகிவிடும். ஆஸ்டியோமலேசியா என்ற அந்நிலையில் தொடையிலும் இடுப்பிலும் ஓயாத வலி, தரையில் உட்கார்ந்து எழச் சிரமம், அசைந்து அசைந்து நடத்தல் போன்றவை காணப்படும். பாராதைராய்டு ஹார்மோன், அல்கலைன் பாஸ்ஃபடேஸ், பாஸ்பரஸ், கிரியாட்டினின் ஆகிய நான்கையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஆயினும் உங்கள் மாமியாரைப் பொறுத்தவரை, வைட்டமினைவிடப் பெரிய காரணமாக எனக்குத் தோன்றுவது நாற்பது வயதில் சினைப்பைகளை அகற்றியதுதான். எலும்பைக் கரைக்கும் செல்களைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன். அவர் உடல் அந்த ஹார்மோன் இல்லாமல் 32 ஆண்டுகளைக் கழித்திருக்கிறது. இதை எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் சொல்லுங்கள். நாமாகச் சொல்லாவிட்டால் பலர் கேட்பதில்லை.

இனி ஊசிக்கு வருகிறேன். 1992-இல் பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஆய்வாளர்கள், முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 3,270 பெண்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 84. நாள்தோறும் 800 யூனிட் வைட்டமின் டியும் 1,200 மி.கி. கால்சியமும் பெற்றவர்களுக்கு, பதினெட்டு மாதங்களில் இடுப்பெலும்பு முறிவு 43 விழுக்காடு குறைவாக இருந்தது. உலகமெங்கும் மூத்தவர்களுக்கு இம்மாத்திரைகளை எழுதும் வழக்கம் வலுப்பெற இந்த ஆய்வு ஒரு பெருங்காரணம். ஆனால் 2006-இல் 36,282 அமெரிக்கப் பெண்களிடம் செய்த ஆய்வில் உறுதியான பயன் தெரியவில்லை. சிறுநீரகக் கல் மட்டும் சற்றுக் கூடியது. நாள்தோறும் 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்த வைட்டல் என்ற அமெரிக்க ஆய்வில் ஆண்களும் பெண்களுமாக 25,871 பேர் இருந்தனர்; 2022-இல் வெளியான அதன் முடிவிலும் முறிவுகள் குறையவில்லை. இவற்றை முரண்பாடு என்று நான் கருதவில்லை. லியோன் பெண்கள் மிக முதியவர்கள், வெளியே செல்லாதவர்கள், டியும் கால்சியமும் குறைந்தவர்கள். அமெரிக்க ஆய்வுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குறைபாடே இல்லை. குறை உள்ளவருக்குத்தான் நிரப்புவதால் பயன். 11 நானோகிராம் என்ற அளவில் உள்ள உங்கள் மாமியார் லியோன் பெண்களின் பக்கம் நிற்பவர். அவருக்கு வைட்டமின் டி கட்டாயம் தேவை.

எந்த முறையில் தருவது என்பதுதான் கேள்வி. ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த 2,256 பெண்களைக் கொண்டு நடந்து, 2010-இல் வெளியான ஆய்வொன்றில், ஆண்டுக்கு ஒரே முறை 5,00,000 யூனிட்டை வாய்வழியாகக் கொடுத்தார்கள். முறிவு குறையும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய ஆய்வு அது. மருந்து பெற்றவர்கள் கீழே விழுவது 15 விழுக்காடும், எலும்பு முறிவு 26 விழுக்காடும் கூடின. ஊசி மருந்து தசையிலிருந்து மெல்லக் கலப்பதால் இரண்டும் முற்றிலும் ஒன்றல்லதான்; ஆனாலும் அந்த ஆய்வுக்குப் பிறகு, ஆண்டுக்கொரு பெருந்தவணை என்ற முறையை மூத்த பெண்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. போட்டுவிட்ட ஊசிக்காக அஞ்ச வேண்டாம். மூன்று மாதம் கழித்து அளவைப் பாருங்கள். 20 நானோகிராமைத் தாண்டி நிலைத்திருப்பது முதல் இலக்கு. பல மருத்துவர்கள் 30 வரை எதிர்பார்ப்பார்கள். அதன் பிறகு நாள்தோறும் 1,000 முதல் 2,000 யூனிட் வரையிலான சிறு தவணை போதும்.

அடுத்த முறிவைத் தடுக்கும் வேலை இத்துடன் முடியாது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்திருப்பதே எலும்பு நலிந்திருப்பதன் அறிகுறி. முதுகெலும்பிலும் தொடை எலும்பின் கழுத்திலும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து டி ஸ்கோரைப் (T-score; வைட்டமின் டி அளவு அன்று) பாருங்கள், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழ் என்றால் எலும்புப்புரை என்று 1994-இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. இலவச முகாம்களில் குதிகாலில் வைத்துப் பார்க்கும் கருவி டெக்ஸாவுக்கு ஈடாகாது. முதுகை ஒரு பக்கவாட்டு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் வலியே தெரியாமல் முதுகெலும்பு நசுங்கியிருப்பதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.


மருந்தாளுநர் (மதுரை) எழுதியது:

மருத்துவர் ஐயா கூறியதோடு மாத்திரைகளைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். தைராக்ஸினையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கினால் தைராக்ஸின் உடலில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின், மதிய உணவோடு கால்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்சியம் கார்பனேட் கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். பான்டோபிரசோல் அந்த அமிலத்தைக் குறைப்பதால், இவருக்குக் கால்சியம் சிட்ரேட் பொருத்தமானதா என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, பான்டோபிரசோல் இன்னும் தேவைதானா என்று கேளுங்கள். அவ்வகை மருந்துகளை ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்களிடம் இடுப்பெலும்பு முறிவு சற்று அதிகமாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. பி12 உறிஞ்சப்படுவதையும் அவை குறைக்கின்றன. மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும். இவை இரண்டோடு சைவ உணவும் சேர்ந்தால் 160 என்ற அளவு வியப்பளிப்பதன்று.

மாத்திரை அட்டையில் 1,250 மி.கி. கால்சியம் கார்பனேட் என்று இருந்தால் அதில் உள்ள கால்சியம் 500 மி.கி. மட்டுமே. ஒரு வேளையில் 500 மி.கி.க்கு மேல் எடுப்பதில் பெரிய பயனில்லை.

பின்னாளில் 60,000 யூனிட் பொட்டலமோ கேப்ஸ்யூலோ எழுதித் தந்தால், அது வாரத்துக்கு ஒன்றா மாதத்துக்கு ஒன்றா என்பதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மற்ற மாத்திரைகளோடு சேர்த்து அதையும் தினமும் குடித்துவிட்டு, வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், மனக்குழப்பம் என்று மருத்துவமனையில் சேர்க்கப்படும் முதியவர்கள் இருக்கிறார்கள். கால்சிட்ரியால் என்ற பெயரில் 0.25 மைக்ரோகிராம் கேப்ஸ்யூல் ஒன்றும் புழக்கத்தில் உண்டு. அது டியின் செயல்படும் வடிவம். சாதாரணக் குறைபாட்டை நிரப்புவதற்கானதன்று. கால்சியம் மாத்திரையிலேயே அது கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.


காவிரிக்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் ஊரில் இருந்துகொண்டு டி எப்படிக் குறைகிறது? காலை ஏழு மணி வெயிலில் உட்காரச் சொல்கிறார்கள். கேழ்வரகுக் கஞ்சியே போதும், மாத்திரை வேண்டாம் என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். கடையில் கே2 கலந்த மாத்திரை எலும்புக்கு மிகவும் நல்லது என்கிறார்கள். பி12 ஊசி போட்டால் எலும்பும் வலுப்படுமா? எலும்புப்புரைக்கு ஆண்டுக்கொரு முறை ஏற்றும் மருந்து தாடை எலும்பைக் கெடுத்துவிடும் என்றும் கேள்விப்பட்டோம்.


உணவியலாளர் (சென்னை) எழுதியது:

தோலில் வைட்டமின் டி உருவாக வேண்டுமானால் புற ஊதாக் கதிர்களில் பி வகை வந்து படவேண்டும். காலை ஏழு மணிக்குச் சூரியன் சாய்ந்திருப்பதால் அக்கதிர்களில் பெரும்பகுதி வளிமண்டலத்திலேயே தங்கிவிடும். முற்பகல் பதினொன்றிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை, நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் அவை போதிய அளவில் கிடைக்கும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே அமர்ந்தால் அவை வந்து சேரா. கருமையான தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். வயது ஏற ஏறத் தோலில் டி உருவாவதற்கான மூலப்பொருளே குறைந்துவிடுகிறது. எழுபது வயதுத் தோல், இளம் தோல் உருவாக்கும் அளவில் பாதியைக்கூட எட்டுவதில்லை. புடவை கட்டி, வெயில் ஏறுவதற்குள் வெளிவேலையை முடித்துவிட்டு நிழலில் இருக்கும் பெண்மணிக்கு, முகத்திலும் முன்கையிலும் படுகின்ற வெயில் எந்த மூலைக்கு? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் மாதவிடாய் நின்ற 150 பெண்களைப் பரிசோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எலும்புப்புரையும், பாதிக்கும் சற்று அதிகமானோருக்கு டி குறைவும் இருந்தன. வெயிலுக்குப் பெயர்போன ஊரின் நிலை இது. சர்க்கரை நோயுள்ள 72 வயதுப் பெண்மணியைச் சித்திரை வெயிலில் உட்கார வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அவருக்கு மாத்திரையே நம்பகமான வழி.

கேழ்வரகு மிக நல்லது. 100 கிராமில் சுமார் 350 மி.கி. கால்சியம் உண்டு, வேறெந்தத் தானியமும் அதை நெருங்காது. ஆனால் அதில் வைட்டமின் டி இல்லை. ஆகவே அது மாத்திரைக்கு மாற்றாகாது. அதிலுள்ள ஃபைட்டேட் கால்சியத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் முளைகட்டி அரைத்த மாவு மேலானது. சர்க்கரை நோய்க்குக் கஞ்சியைவிட, முருங்கைக்கீரை சேர்த்த கேழ்வரகு அடை ஏற்றது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மி.கி. கால்சியம் தேவை என்று 2020-ஆம் ஆண்டின் தேசிய உணவூட்டப் பரிந்துரை கூறுகிறது. இரண்டு தம்ளர் பால் அல்லது தயிரில் ஏறத்தாழ 450 முதல் 500, இரண்டு அடையில் 200, எள்ளுப்பொடி ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 100, கீரையிலும் பருப்பிலும் மிச்சம் என்று பார்த்தால், பாதிக்கு மேல் உணவிலேயே கிடைத்துவிடும். அவ்வளவு சாப்பிட்டால் நாளுக்கு ஒரு 500 மி.கி. மாத்திரை போதும். பாலக்கீரையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதன் ஆக்சலேட் கால்சியத்தை உடலில் சேரவிடாது.

பால் பாக்கெட்டில் செறிவூட்டப்பட்டது என்ற குறிப்பு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். அப்படிப்பட்ட பாலிலும் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் டி மட்டுமே சேர்க்கப்படுகிறது. துணையாக அமையுமே தவிர, அதுமட்டும் போதாது. புரதத்தையும் மறந்துவிட வேண்டாம். எலும்பின் சட்டகம் புரதத்தால் ஆனது. சோறும் ரசமுமாக உண்டு பழகிய மூதாட்டிகளுக்குக் கொண்டைக்கடலைச் சுண்டலும் பயத்தம்பருப்புக் கூட்டும் தயிரும் தினமும் வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.


எலும்பியல் மருத்துவர் (கோவை) எழுதியது:

கே2 பற்றி: ஜப்பானில் நாளுக்கு 45 மி.கி. என்ற அளவில் அதன் ஒரு வகையை எலும்புப்புரை மருந்தாகவே தருகிறார்கள். நம் கடைகளில் கிடைப்பது வேறொரு வகை. அளவும் மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும். அது முறிவைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. வார்ஃபரின், அசெனோகூமரால் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கே சேர்ந்த எதையும் தொடக்கூடாது.

பி12 பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது குறைந்தால் இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கூடும். அது மிகுந்த மூத்த பெண்களிடம் முறிவு ஏறத்தாழ இருமடங்காக இருப்பதை 2004-இல் நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் காட்டின. அடுத்த ஆண்டே ஜப்பானிலிருந்து யோஷிஹிரோ சாட்டோ என்பவர், பக்கவாதம் வந்தவர்களுக்கு ஃபோலேட் என்ற பி வைட்டமினும், பி12-இன் ஒரு வடிவமான மெகோபாலமினும் கொடுத்தால் இடுப்பெலும்பு முறிவு பெருமளவு குறைகிறது என்று எழுதினார். அந்தக் கட்டுரை 2016-இல் திரும்பப் பெறப்பட்டது. அவருடைய வேறு பல ஆய்வுகளும் தரவுகள் நம்பத்தகாதவை என்று நீக்கப்பட்டன. பின்னர் நெதர்லாந்தில் 2,919 முதியவர்களிடம் முறையாகச் செய்த பி-ப்ரூஃப் ஆய்வில், பி12-உம் ஃபோலிக் அமிலமும் பொதுவாக முறிவைக் குறைக்கவில்லை. எனவே எலும்பு வலுவாகும் என்று எண்ணி பி12 கொடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் மாமியாருக்கு அது கட்டாயம் கொடுக்கப்பட வேண்டும், நரம்புகளுக்காக. பாதம் எங்கே ஊன்றுகிறது என்ற உணர்வைத் தரும் நரம்புகள் பி12 இல்லாமல் நலிகின்றன. சர்க்கரை நோயும் அதே நரம்புகளைத் தாக்குகிறது. வாசற்படியில் இடறியதற்கே அது காரணமாக இருந்திருக்கலாம்.

தாடை பற்றிய அச்சத்தால் மருந்தைத் தவிர்த்துவிடாதீர்கள். நீங்கள் கேள்விப்பட்டது சோலெட்ரோனிக் அமிலம். 2007-இல் வெளியான ஹொரைசன் ஆய்வில் எலும்புப்புரை உள்ள 7,765 பெண்களுக்கு ஆண்டுக்கு 5 மி.கி. வீதம் மூன்றாண்டுகள் இம்மருந்தோ வெற்று மருந்தோ ஏற்றப்பட்டது. மருந்து பெற்றவர்களுக்கு முதுகெலும்பு முறிவு 70 விழுக்காடும், இடுப்பெலும்பு முறிவு 41 விழுக்காடும் குறைந்தன. தாடை எலும்புச் சிதைவு எலும்புப்புரை அளவில் மிக அரிது. புற்றுநோய்க்காகப் பலமடங்கு மருந்து பெறுபவர்களிடமே அதிகம் காணப்படுவது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

வரிசை மட்டும் மாறக்கூடாது. டி குறைவாக இருக்கும்போதே இம்மருந்தை ஏற்றினால், எலும்பு கால்சியத்தை விடுவிப்பது திடீரென்று நின்று, இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். எனவே டியையும் கால்சியத்தையும் சரிசெய்து, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 35 மி.லி.க்கு மேல் இருப்பதை உறுதிசெய்த பிறகே ஏற்ற வேண்டும். முதல் முறை ஏற்றியபின் இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம், பாராசிட்டமாலில் அடங்கும். வாரம் ஒருமுறை விழுங்கும் அலென்ட்ரோனேட் மாத்திரையும் உண்டு. வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும் என்பதால், நெஞ்செரிச்சல் உள்ள இவருக்கு ஏற்றும் மருந்தே எளிது.


இயன்முறை மருத்துவர் (தஞ்சாவூர்) எழுதியது:

மாவுக்கட்டு இருக்கும்போதே தொடங்க வேண்டியவை சில உண்டு. விரல்களையும் முழங்கையையும் தோளையும் நாள்தோறும் அசைக்கச் சொல்லுங்கள். கை விறைத்துப்போனால் கைப்பிடியைப் பற்ற முடியாமல் மீண்டும் விழுவார். கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர அவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று, நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். 15 விநாடிகளுக்கு மேல் ஆனால் தொடைத் தசைகள் நலிந்திருக்கின்றன. அந்தப் பயிற்சியையே காலையிலும் மாலையிலும் செய்ய வைத்து, மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

பாத உணர்வு குறைந்தவர்கள் கண்ணால் பார்த்தே நடக்கிறார்கள். ஆகையால் படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு முழுவதும் விளக்கு எரிய வேண்டும். குளியலறையில் கைப்பிடி, பின்பட்டை உள்ள செருப்பு, கொல்லைப்படியின் விளிம்பில் வெள்ளைப் பெயின்ட்டுக் கோடு ஆகிய மூன்றையும் இந்த வாரமே செய்துவிடுங்கள். தூக்க மாத்திரையோ இரத்த அழுத்த மாத்திரையோ எடுத்துக்கொண்டால் அதையும் இங்கே எழுதுங்கள். படுக்கையிலிருந்து எழுந்தவுடன் தலை சுற்றுகிறதா என்பதைப் பொறுத்து அவற்றின் அளவை அவருடைய மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கலாம்.